நெறிக்கட்டிக்குள் என்ன இருக்கிறது?

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்திவந்தார். 1914இல் கணித மேதை ராமானுஜன் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்ட கப்பலில் அவரும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ராமானுஜன் நோயில் விழுந்தபோது, சில காலம் சேர்க்கப்பட்டிருந்தது அந்த மெண்டிப் மலை சானடோரியத்தில்தான். காசநோய் என்று முடிவு கட்டியே அவருக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர் இறந்ததும் காசநோயால்தான் என்றே நெடுங்காலம் எழுதிவந்தோம். 1994இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் எஞ்சியிருந்த குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது அமீபா கல்லீரலைத் தாக்கியதால் வந்த நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது.

இப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருக்கும் அந்தச் சானடோரியம் பின்னாளில் அரசு மருத்துவமனையானது, 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட பெரிய மருத்துவமனையாகவும் ஆனது. அங்கே எழுந்த ஒரு கேள்விக்கு ராமானுஜனின் கதை நல்ல முன்னுரை. விடாத காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்வை, கழுத்தில் நெறிக்கட்டி. இவை சேர்ந்து வந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டிபி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரிடம் இதே அறிகுறிகள் வைரஸால் உண்டான புற்றுநோயாலும் வரலாம். அத்தகைய கட்டிகள் அபூர்வமானவை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அவற்றின் அபூர்வத்தில் ஒரு பங்கு, நாம் தேடிப் பார்க்காததால் வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எதிர்ப்பாற்றல் குன்றுவதற்கு இந்த மாவட்டத்தில் இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் தமிழ்நாட்டில் தனித்தனி வரலாறு இருக்கிறது.

முதலாவது எச்.ஐ.வி. இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பது 1986இல் சென்னையில்தான் முதன்முதலில் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த ஆய்வுத் தலைப்புக்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, பரிசோதனைக்கு வேலூர் சிஎம்சிக்கு எடுத்துச் சென்றார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்த ஊரில் அந்த நோய் வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தேடியதால் கிடைத்த கண்டுபிடிப்பு. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியபோது, நாட்டில் முதலில் தேர்வான எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

இரண்டாவது, உறுப்பு மாற்று சிகிச்சை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். 2008 செப்டம்பரில் அந்த ஊர் மருத்துவத் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். அவனது இதயம் சென்னையின் நெரிசலுக்குள் 11 நிமிடத்தில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு சிறுமிக்குள் துடிக்கத் தொடங்கியது. அதன்பின் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றிய பேச்சே மாறிப்போனது. அந்தக் கொடையின் மேன்மையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். உறுப்பைப் பெற்றவரின் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி எழுதியது குறைவு. வேறொருவரின் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ உடல் தள்ளிவிடாமலிருக்க, டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரட்னிசலோன் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். அவை எதிர்ப்பாற்றலை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கின்றன. எச்.ஐ.வி. செய்வதை இங்கே மருந்து செய்கிறது. அளவும் வகையும் வேறு.

அப்படித் தாழும்போது எழுந்து வருபவை புதிதாகத் தொற்றிய கிருமிகளாக இருக்க வேண்டியதில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களுக்கு மேல் உடலில் இருக்கிறது. எச்சில் வழியே பரவும். நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே, யாரும் கவனிக்காத ஒரு சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். போனது காய்ச்சல்தான், வைரஸ் ரத்தத்தின் பி அணுக்களுக்குள் தங்கிவிடுகிறது. தன் மரபுப்பொருளை ஒரு சிறு வளையமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, அணு பிரியும்போதெல்லாம் தானும் பிரதியெடுத்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட அணு அளவு மீறிப் பெருகத் தொடங்கினால் டி அணுக்கள் அடையாளம் கண்டு அழித்துவிடும். இந்தக் காவல் வாழ்நாள் முழுக்க ஓயாமல் நடக்கிறது. டி அணுக்கள் குறைந்தால் காவல் தளர்கிறது. பி அணுக்கள் பெருகுகின்றன. அவற்றில் சில, புற்றுநோயாகின்றன. உறுப்பு மாற்றியவர்களுக்கு வரும் நிணநீர்ப் பெருக்க நோய், எய்ட்ஸ் முற்றியவர்களின் மூளையில் வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், வாய்க்குள் ஈறிலும் தாடையிலும் வேகமாக வளரும் பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா எல்லாம் இந்த வகை. கடைசியாகச் சொன்னதை எச்.ஐ.வி. நோயாளிகளின் வாயில் கண்டு தனி நோயாக வகைப்படுத்தியதே 1997இல்தான்.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு கட்டியிலிருந்துதான். உகாண்டாவில் குழந்தைகளின் தாடை வீங்கும் விசித்திரமான புற்றுநோயை அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் விவரித்தார். 1961இல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், அங்கிருந்து கட்டித் துண்டுகளை வரவழைத்து, இவோன் பார், பெர்ட் அச்சோங் ஆகியோருடன் சேர்ந்து 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைப் பார்த்தார். மனிதப் புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது.

அடுத்தது கபோசி சர்கோமா. 1872இல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி வயதான ஆண்களிடம் கண்டு எழுதிய தோல் நோய். நூறாண்டுக்கு மேல் மருத்துவ மாணவர்கள் படித்து மறந்துபோகும் அபூர்வம். 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் 26 பேருக்கு அது வந்திருப்பதாக வெளிவந்த அறிக்கை, எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நோயின் முதல் அறிவிப்புகளில் ஒன்று. காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற கணவன் மனைவி இருவரும், ஒரே நோயாளியின் கட்டியிலிருந்தும் நல்ல திசுவிலிருந்தும் மரபுப்பொருளை எடுத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கழித்துவிட்டு மிஞ்சியதைப் பார்த்தார்கள். மிஞ்சியது, அதுவரை யாரும் அறியாத ஒரு ஹெர்பிஸ் வைரஸ். 2008இல் அவர்களது ஆய்வுக்கூடமே கழித்துப் பார்க்கும் இன்னொரு முறையில், மெர்க்கல் அணுப் புற்றுநோய்க்குக் காரணமான பாலியோமா வைரஸையும் கண்டுபிடித்தது.

இந்தியாவில் கபோசி சர்கோமா உண்மையாகவே அரிது. ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் மக்கள்தொகையில் பாதிப் பேர் வரை அந்த ஹெர்பிஸ் வைரஸைச் சுமக்கிறார்கள். இந்தியாவில் அது மிகக் குறைவு. எச்.ஐ.வி. பரவிய அளவுக்கு இந்தக் கட்டி இங்கே பரவாததற்குக் காரணம் அதுதான். எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வந்த முதல் இந்திய நோயாளியைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியது 1990களின் தொடக்கத்தில்.

ஆனாலும் அரிது என்பது ஒன்று, கண்ணில் படாதது என்பது வேறு. பாடநூல் படங்களில் அந்தத் திட்டுகள் வெள்ளைத் தோலின் மேல் ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரிகின்றன. நம் நிறத்துத் தோலில் அவை கரும்பழுப்பாக, பழைய தழும்பு போல, பூச்சிக்கடி ஆறிய கறை போலக் கிடக்கின்றன. நோயாளியே அதைப் பொருட்படுத்த மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இளஞ்சிவப்புச் சதையின் மேல் ஊதா நிறம் மறைய முடியாது. ஒரு நிமிட வேலை. ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலும் பார்க்கத் தகுந்த வேலை.

இன்னும் அபூர்வமான ஒன்று உண்டு. குடல், ரத்தக்குழாய்ச் சுவர்களில் இருக்கும் மென்தசையில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் உண்டாக்கும் கட்டி. சாதாரணமாக மென்தசைக் கட்டி என்றால் நடுத்தர வயதுப் பெண்களின் கர்ப்பப்பையில் வரும் தீங்கற்ற கட்டிதான் நினைவுக்கு வரும். குழந்தைகளுக்கு வருவது மிக மிக அரிது. 1990களில் எய்ட்ஸ் பாதித்த குழந்தைகளுக்கும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் அது வரத் தொடங்கியது. 1995இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அந்தக் கட்டி அணுக்களுக்குள் வைரஸ் இருப்பதைக் காட்டின. நிணநீர் அணுவில் குடியிருப்பது என்று எல்லோரும் எண்ணிய வைரஸ், தசைக்குள் எப்படிப் போனது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை.

இந்தக் கட்டியில் எல்லா மருத்துவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. இது ஒரே ஆளுக்கு ஈரலில் ஒன்று, நுரையீரலில் ஒன்று, மூளை உறையில் ஒன்று என்று பல இடங்களில் வரும். ஸ்கேன் படத்தைப் பார்ப்பவர், புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக் கூடும். வைரஸின் மரபுப்பொருளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளோ, பல நோயாளிகளிடம் ஒவ்வொரு கட்டியும் தனித்தனித் தொற்றிலிருந்து தனித்தனியே முளைத்தது என்று காட்டியிருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பரவியதில்லை. பல கட்டிகள் மெல்லவே வளர்கின்றன. வெட்டி எடுக்க முடிந்ததை எடுத்து, எதிர்ப்பாற்றலைத் தூக்கி நிறுத்தினால், ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. பரவிய புற்று என்று கைவிடுவதற்கும் இதற்கும் இடையே ஒரு மனிதரின் பல ஆண்டு வாழ்க்கை இருக்கிறது.

இனி நெறிக்கட்டிக்கு வருவோம். எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருபவரின் கழுத்தில் நெறி கட்டியிருந்தால் ஊசி வைத்துக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பது வழக்கம். காசநோயைக் கண்டுபிடிக்க அது பெரும்பாலும் போதும். லிம்போமாவுக்குப் போதாது. ஊசியில் வருவது சிதறிய அணுக்கள்; முடிச்சின் கட்டமைப்பு எப்படிக் குலைந்திருக்கிறது என்பது முழு முடிச்சையும் அறுத்தெடுத்தால்தான் தெரியும். ஊசி முடிவு தெளிவில்லாமல் வந்தால் டிபி மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று முடிவெடுப்பது எளிது. முதல் வாரங்களில் நோயாளிக்குக் கொஞ்சம் தேறியது போலவும் இருக்கும். காசநோய் மருந்து ஆறு மாதம். வேகமான லிம்போமாவுக்கு ஆறு மாதம் என்பது மிக நீண்ட அவகாசம். அத்தோடு இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாகவும் இருக்கலாம். சளியில் கிருமி கிடைத்தது என்பதாலேயே நெறிக்கட்டியும் அதுதான் என்று ஆகிவிடாது.

மூளையில் வருவது இன்னும் சிக்கல். சிடி4 எனப்படும் டி அணுக்களின் எண்ணிக்கை 50க்கும் கீழே போனவரின் ஸ்கேனில் வளையம் போலத் தெரியும் கட்டி டாக்சோபிளாஸ்மாவாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாக இருக்கலாம், லிம்போமாவாகவும் இருக்கலாம். மண்டையைத் திறப்பது எளிதில்லை என்பதால், மருந்து கொடுத்து இரண்டு வாரம் பார்ப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அது நியாயமானதே. ஆனால் வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டால், லிம்போமாவும் சில வாரம் சுருங்கும். மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வரும். பிறகு சதை எடுத்துப் பார்த்தாலும் அணுக்கள் அழிந்துபோய் விடை மங்கலாகவே வரும். ஸ்டீராய்டைத் தவிர்க்க முடியாத உயிராபத்தான நிலைகள் உண்டு. அப்படி இல்லாதபோது பயாப்சி வரை பொறுத்திருப்பதே நல்லது.

விடையைச் சொல்லும் பரிசோதனை கண்ணுக்கு அழகானதும்கூட. ஃபார்மலினில் ஊறிய சதையை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் அணுவுக்குள் ஏராளமாக உண்டாக்கும் சிறு ஆர்.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் சாயத்தை அதன் மேல் விடுகிறார்கள். வைரஸ் இருந்தால் வெளிறிய பின்புலத்தில் கட்டி அணுக்களின் உட்கரு மட்டும் கருநீலமாக எழும். பக்கத்திலிருக்கும் நல்ல அணுக்கள் நிறமேறாமல் நிற்கும். கபோசி சர்கோமாவுக்கு வேறொரு சாயம். அதில் உட்கருவுக்குள் பழுப்புப் புள்ளிகளைத் தூவியது போலத் தெரியும். இதெல்லாம் சதை ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான். ஃபார்மலின் போதாமலோ, வெறும் சலைனில் போட்டோ, வெயிலில் பஸ்ஸில் உறவினர் கையில் மறுநாள் போய்ச் சேர்ந்த பாட்டிலில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். அப்போது வைரஸ் இல்லை என்று வரும் முடிவுக்குப் பொருளே கிடையாது.

தேடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். மற்றப் புற்றுநோய்களில் இல்லாத ஒரு வாய்ப்பு இவற்றில் இருக்கிறது: எதிர்ப்பாற்றலைத் திருப்பிக் கொடுத்தால் சில கட்டிகள் தாமாகவே வாடுகின்றன. ஆரம்பநிலைக் கபோசி சர்கோமா, எச்.ஐ.வி. கூட்டு மருந்தாலேயே பலருக்கு மறைந்துவிடுகிறது. உறுப்பு மாற்றியவர்களின் நிணநீர்ப் பெருக்கம், எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் மருந்தைக் குறைத்தால் பின்வாங்கக் கூடும் என்று 1984இலேயே தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் காட்டினார்கள். அதில் பெற்ற உறுப்பை இழக்கும் ஆபத்தும் உண்டு; இரண்டுக்கும் நடுவே மருத்துவர் நடப்பது கத்திமுனையில்தான்.

அந்த நெருக்கடியில் உதவும் மருந்து ஒன்று வந்த விதம் தனிக்கதை. 1964இல் ஈஸ்டர் தீவில் அள்ளிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கனடாவில் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழு ராபமைசினைப் பிரித்தெடுத்தது. நிறுவனம் ஆர்வமிழந்து ஆய்வுக்கூடத்தை இடம் மாற்றியபோது, அவர் அந்த உயிரை வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். சிரோலிமஸ் என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, மாற்று உறுப்பையும் காக்கும், சில கட்டிகளின் வளர்ச்சியையும் தடுக்கும். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 15 பேருக்கு வந்த கபோசி சர்கோமா, மருந்தைச் சிரோலிமஸுக்கு மாற்றியதும் மறைந்ததென 2005இல் இத்தாலிய மருத்துவர்கள் அறிவித்தார்கள். அவர்களின் சிறுநீரகமும் பிழைத்தது.

இவ்வளவு அபூர்வங்களைப் பேசிவிட்டு அபூர்வமே அல்லாத ஒன்றை விட்டுவிட முடியாது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு வைரஸ் தரும் புற்றுநோய்களில் தமிழ்நாட்டுப் பெண்களை அதிகம் அச்சுறுத்துவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். காரணம் எச்.பி.வி. வைரஸ். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இது வரும் ஆபத்து மற்றப் பெண்களைப் போல ஆறு மடங்கு. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை உயிர் காக்கும் என்பதை உலகுக்கு நிரூபித்ததே திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு. அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்த அந்த ஆய்வின் முடிவு 2007இல் வந்தது: சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் இன்று மாதந்தோறும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அந்தத் தடுப்பூசி காலம் கடந்தது. அவருக்கு வேண்டியது அதே கட்டடத்தில், அதே நாளில், அந்த வினிகர் சோதனை. இன்னொரு நாள் இன்னொரு துறைக்கு வாருங்கள் என்றால், ஒரு நாள் கூலியை இழந்து கல்பாக்கத்திலிருந்தோ கோவளத்திலிருந்தோ மறுபடி வர அவரால் முடியாமல் போகலாம்.

எத்தனை பேர் என்ற கணக்கும் வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சைப் பதிவையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பெயர் வெளியே தெரியாமல் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புனேயில் அப்படிச் செய்து 2016இல் வெளியிட்டார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் புற்றுநோய்ச் சுமை கணிசமாகக் கூடியிருப்பது தெரிந்தது. மாநிலம் முழுவதையும் உள்ளடக்கும் புற்றுநோய்ப் பதிவேடு தமிழ்நாட்டிடம் இருக்கிறது. அதை நடத்தும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு இத்துறையில் நீண்ட அனுபவமும் இருக்கிறது. இங்கேயும் அந்த ஒப்பீடு நடந்தாக வேண்டும். உறுப்பு மாற்றியவர்களின் பட்டியலையும் அதில் சேர்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு மாற்றமும் இருக்கிறது. சதைத் துண்டோடு போகும் பரிசோதனைச் சீட்டில் நோயாளியின் வரலாறு எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கும். அதில் வெறுமனே ‘டிபி?’ என்று எழுதினால், மறுமுனையில் இருக்கும் நோய்க்கூறு மருத்துவர் காசநோய்க் கிருமியைத் தேடி, இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை என்று எழுதியனுப்புவார். அவர் மீது குற்றம் இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் விடை தந்தார். சிறுநீரகம் மாற்றியவர் என்றோ எதிர்ப்பாற்றல் குன்றியவர் என்றோ இரண்டு சொல் சேர்த்திருந்தால், வைரஸுக்கான சாயத்தையும் அவர் ஏற்றிப் பார்த்திருப்பார். பல கைகள் மாறும் சீட்டில் எச்.ஐ.வி. என்று எழுதத் தயங்குவது நியாயம். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் வேலையையும் வீட்டையும் இழந்தவர்களின் அனுபவம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. அதே சட்டம், சிகிச்சைக்குத் தேவை என்றால், நோயாளியைக் கவனிக்கும் ஒரு மருத்துவர் இன்னொருவருக்குத் தெரிவிக்கவும் இடம் தருகிறது. சீட்டில் பொதுவாக எழுதிவிட்டு, மற்றதை ஆய்வகத்துக்கு ஃபோன் செய்து சொல்லலாம்.